எலுமிச்சம்பழம் நிற்காத லேப்டாப்

எதிர்வீட்டு மேகலா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று நான் சொன்னதாக எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. நான் சொன்னது இவ்வளவுதான்: "மத்தியானம் சாப்புட்டு முடிச்சதும் ஒரு பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வெளிய போவுது, பொழுது சாஞ்சுதான் வருது, மொகமே சரியில்ல." மீதியெல்லாம் பக்கத்து வீட்டு அஞ்சுகத்தின் கைச்சரக்கு. அவளிடம் ஒரு படி கொடுத்தால் ஒரு கலமாகத் திருப்பித் தருவாள். நெல்லில் அந்தக் கைராசி இருந்திருந்தால் அவள் வீட்டுக்காரர் இந்நேரம் அரிசி ஆலை வைத்திருப்பார். பேச்சில்தான் இருக்கிறது.

சரி, விஷயம் என்னவென்று யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டுமல்லவா. நான் போனேன்.

மேகலா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுத் தங்கமணியும் நானும் பிறந்த ஊர் ஒன்று. அந்த முறையில் அவள் எனக்கு அக்கா, அவள் வீட்டுக்காரர் தியாகராசன் எனக்கு அத்தான். அவர்கள் மகன் தமிழரசன். படித்துவிட்டு, வெளிநாட்டுக்குப் போகாமல், வேண்டுமென்றே விவசாயம் பார்க்கிறான் என்பதால் ஊரில் அவனைப் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அவன் கட்டிய பெண்தான் மேகலா. கல்யாணமானதும் அவள் சென்னையில் வேலை, விடுதியில் ஜாகை. இவன் இங்கே வயலில். சனிக்கிழமை காலை வருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவாள். ஒரத்தநாடு பேருந்து நிலையத்தில் தமிழரசன் அவளுக்காக நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்துவைத்தால் இன்னொரு போகம் எடுத்திருக்கலாம்.

இந்தச் சித்திரையில்தான் அவளுடைய கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. சின்னக் கம்பெனி, லேப்டாப்கூட நம்முடையதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். இருந்தாலென்ன? அன்றிலிருந்து தமிழரசன் வயலுக்குப் போகும்போது சீட்டியடித்துக்கொண்டு போனான். அந்தச் சீட்டிச் சத்தம் நின்று போனதைத் தெருவில் முதலில் கவனித்ததும் நான்தான்.

மேகலா மத்தியானத்தில் போன இடம் பால் சொசைட்டி. காலித் தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் போனேன். செயலாளர் நெடுமாறன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"பால் ஊத்துன கணக்கு பாக்கணும் தம்பி."

"நீங்கதான் போன வருசமே மாட்ட வித்துட்டீங்களே."

"அந்தக் கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பால் குளிரூட்டும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், காதில் மாட்டிக்கொண்டு மேகலா இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு கன்று அம்மாவைத் தேடிக் கத்தியது. அவள் சட்டென்று ஒரு பொத்தானை அழுத்திப் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கன்று அடங்கியதும் மறுபடி பேசினாள். பேசி முடித்து நிமிர்ந்தவள் என்னைப் பார்த்ததும், பார்க்க வேண்டாதவரைப் பார்த்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"வாங்க சின்னத்தை. உக்காருங்க."

"நான் உக்காருறது இருக்கட்டும். நீ ஏன் இங்க வந்து உக்காந்துருக்க? தங்கமணி அக்கா எதாச்சும் சொல்லிச்சா?"

"ஐயோ, இல்ல சின்னத்தை. இங்க ஜெனரேட்டர் இருக்குல்ல, அதான்." லேப்டாப்பைத் தடவிக்கொடுத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவுகிற மாதிரி. "வீட்டுல கரண்டு போனா இதுவும் கூடவே போயிடுது. ஒரு செகண்டுகூட நிக்கறதில்ல. நெட்டு செல்போன்ல வர்றதால அது இருக்கு, இதுதான் செத்துடுது. அன்னிக்கு மீட்டிங்ல பேசிக்கிட்டு இருக்கறப்பவே பாதி வார்த்தையில போயிட்டேன்."

"பேட்டரின்னு ஒண்ணு உள்ள இருக்கும்பாங்களே?"

"நூறுன்னு காட்டுது சின்னத்தை. நூறுலேருந்து நேரா இருட்டு."

நூறு என்று காட்டிக்கொண்டு உள்ளே ஒன்றுமில்லாமல் இருப்பது எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. ஆனால் ஆளுக்கு இருக்கலாம், மிஷினுக்கு இருக்கலாமா?

கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்துவிட்டேன். ஆயுத பூசை முடிந்து வரும் திங்கட்கிழமை, வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் முன்னால் மேகலாதான் வேலையை விளக்கிக் காட்ட வேண்டும். அதிலும் பாதியில் அறுந்தால், மறுவாரமே சென்னைக்கு வந்து உட்கார்ந்துவிடு என்று அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டாராம். முந்தின தடவை மாடு கத்தியதை வெள்ளைக்காரர்கள் கேட்டுச் சிரித்துவிட்டார்கள், ஆகவே அன்றைக்குச் சொசைட்டியிலும் உட்கார முடியாது.

"தமிழரசன்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஒண்ணும் பேசல. சாப்புடாமப் படுத்துட்டாரு." பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மறுபடி சனி ஞாயிறு பொழப்பா சின்னத்தை? என்னால முடியாது. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அஞ்சுகத்திடம் மட்டும் சொன்னேன், அவள் பரப்பிய வதந்தியைத் திருத்த வேண்டுமே என்பதற்காக.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்த வைத்தியங்களை எதிரே இருந்து முழுதாகப் பார்த்தவள் நான். தியாகராசன் அத்தான் பம்புசெட்டோடு பிறந்து வளர்ந்தவர். உலகத்தில் எது நின்றாலும் வோல்டேஜ்தான் காரணம் என்பார். "குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒண்ணா வந்துருக்கு. எல்லாப் பயலும் மோட்டாரப் போட்டுட்டா வோல்டேஜ் படுத்துக்கும். லேப்டாப்பு என்ன பண்ணும், பாவம்." இன்வெர்ட்டர் வாங்கலாமே என்றால் அறுப்பு முடியட்டும் என்றார். ஒரத்தநாட்டிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்தார், மூன்று பிரிட்ஜுக்குப் போதுமானது. கரண்டு போனதும் ஸ்டெபிலைசர் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. லேப்டாப் சத்தமே போடாமல் அணைந்தது. "பாத்தியா, டக்குன்னு சொல்லிச்சுல்ல? வேலை செய்யுது" என்றார் அத்தான்.

தங்கமணி அக்கா வேறு கட்சி. கண்ணேறுதான் என்று அவள் முடிவு. யார் கண் என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் பூசணிக்காய் விலை பேசுகிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். லேப்டாப்பை மூடினால் ஒரு மூலை மட்டும் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. மேகலா வேலை முடிந்து கொல்லைப்பக்கம் போகிற நேரம் பார்த்து, நெல் நிறுக்கிற ஐந்து கிலோ எடைக்கல்லை அதன் முதுகில் ஏற்றிவைத்துவிடுவாள். வளைந்த அப்பளத்தைத் தட்டையாக்குவது போல. மேகலா வருவதற்குள் இறக்கியும் விடுவாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆயுத பூசை வந்தது. அந்த வீட்டுப் பூசைக்கு நான் போகாமல் நடந்ததில்லை. கூடத்தில் பலகை போட்டு, அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து, மருந்தடிக்கிற தெளிப்பான், அத்தானின் ஸ்பேனர்கள் என்று வரிசையாக வைத்து, கடைசியில் லேப்டாப். எல்லாவற்றுக்கும் அக்கா திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்தாள். லேப்டாப்புக்கு மூடியில் ஒன்று, நான்கு மூலையில் நான்கு. அப்புறம் சார்ஜர் குத்துகிற ஓட்டையைத் தேடிப் பிடித்து அதிலும் விரலால் அழுத்தி ஒரு சந்தனம்.

"அதுல எதுக்கு அத்தை?" என்றாள் மேகலா.

"கரண்டு உள்ள போற வாசல் அதுதானம்மா. நிலைக்குப் பொட்டு வெக்காம வீட்டுக்குப் பொட்டு வெப்பாங்களா?"

இதற்கு எந்தக் கல்லூரியில் படித்தவளாலும் பதில் சொல்ல முடியாது. மேகலா எலுமிச்சம்பழத் தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு ஒவ்வொரு ஆயுதத்தின் மேலும் ஒரு எலுமிச்சம்பழம். அரிவாள் மேல் நின்றது. ஸ்பேனர் மேல்கூட நின்றது. லேப்டாப் மேல் வைத்தது உருண்டு தரைக்கு வந்தது. அக்கா எடுத்து வைத்தாள். மறுபடி உருண்டது. இன்னொரு தடவை வைத்தாள். அது உருண்டு என் காலடிக்கே வந்து சேர்ந்தது.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. தமிழரசன் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றான். மேகலா பலகையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். மருமகள் இந்த வீட்டில் தங்கமாட்டாள் என்று சாமியே சொல்லிவிட்டதாக நான்கு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்குச் சகுனத்தைவிட அந்தப் பழம் ஏன் எப்போதும் ஒரே பக்கமாக உருளுகிறது என்பதுதான் முக்கியமாகப் பட்டது. மூட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தேன். ஒரு விரலால் லேசாகத் தொட்டேன். தொட்டில் மாதிரி ஆடியது.

"அக்கா, இது சகுனம் இல்லக்கா. இதுக்கு அடிவயிறு உப்பிக் கெடக்கு. பூரி மாதிரி. அதான் பலகையில உக்காராம ஆடுது."

"பூசையில எந்திரிச்சு உக்காருடி முதல்ல" என்றாள் அக்கா. ஆனால் அவளும் குனிந்து பார்த்தாள். எல்லோரும் குனிந்தோம். கற்பூரம் அது பாட்டுக்கு எரிந்து அணைந்தது.

பூசையில் வைத்ததை விஜயதசமி அன்று மறுபூசை போடாமல் எடுக்கக் கூடாது. அதுவரை லேப்டாப் அரிவாளுக்குப் பக்கத்தில் பொட்டோடு படுத்திருந்தது. எடுத்து சார்ஜர் குத்தியபோது விளக்கே எரியவில்லை. முன்பு கரண்டு இருக்கும்போதாவது ஓடியது, இப்போது அதுவும் இல்லை.

சனிக்கிழமை தஞ்சாவூருக்குப் போய்விடுவது என்று முடிவானது. தமிழரசனுக்கு அன்றைக்குத்தான் அறுவடை மிஷின் முறை. அதை விட்டால் அடுத்து எப்போது வருமோ, மழை வேறு கருக்கட்டிக்கொண்டு நின்றது. "நீங்க கூடப் போறீங்களா சித்தி?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் நான் புடவை மாற்றிவிட்டேன்.

புதிய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், மாடியில் ஒரு கடை. ஹாஃபிஸா என்ற பெண் நடத்துகிறாள். பொறியியல் படித்தவள் என்று சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, பல் டாக்டர் மாதிரி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சந்தனமா?"

"ஆமாங்க" என்றாள் மேகலா, தலையைக் குனிந்துகொண்டு.

"வெக்கப்படாதீங்க. நேத்துலேருந்து எனக்கு சந்தன வேலைதான். ஒருத்தரு பிரிண்டர்ல பொரி கொட்டி எடுத்துட்டு வந்தாரு." ஒரு சின்னத் தூரிகையும் ஏதோ ஒரு திரவமும் வைத்துச் சுரண்டி எடுத்தாள். சார்ஜரைக் குத்தினாள். விளக்கு எரிந்தது.

எனக்கு உயிர் வந்தது. "அவ்வளவுதானா? பஸ்ஸுக்குக் கிளம்பலாமா?"

"இருங்கம்மா. இது நீங்களா குடுத்த நோய். பழைய நோய் உள்ள இருக்கு." லேப்டாப்பை ஓடவிட்டு, கறுப்புத் திரையில் ஏதோ தட்டி, ஒரு கணக்கை வரவழைத்தாள். "இங்க பாருங்க. புதுசுல எவ்வளவு கரண்டு புடிச்சு வெக்கும்னு ஒரு அளவு. இப்ப எவ்வளவு புடிக்குதுன்னு ஒரு அளவு. பத்துல ஒரு பங்குகூட இல்ல. தூர்ந்துபோன குளம் மாதிரி. தண்ணி வந்த உடனே ரொம்பிடுது, அதனால 'நூறு'ன்னு காட்டுது. மடையத் தொறந்தா ஒண்ணும் இல்ல." பிறகு மேகலாவிடம் திரும்பினாள். "எப்பலேருந்து இப்படி?"

மேகலா விழித்தாள். "கொஞ்ச நாளா..."

"சித்திரையிலேருந்து" என்றேன் நான். "மாரியம்மன் கோவில் காப்பு கட்டுன வாரம் புதுசா கொண்டாந்தா. அன்னிலேருந்து, சொசைட்டிக்குத் தூக்கிட்டுப் போற நேரம் தவிர, வயர உருவுனதே கெடையாது. பக்கத்துல ஒரு சின்ன வெளக்கு எரியும், எங்க வீட்டு சன்னல்லேருந்து தெரியும். ராவும் பகலும் எரியும்."

ஹாஃபிஸா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்க வெச்சு வேலை பாப்பாங்க?"

"கட்டில்ல. தலகாணி மேல வெச்சு. அந்த ரூமுக்கு மேல தகரம். அக்கினி நட்சத்திரத்துலயும் அங்கதான். மத்தியானத்துல பூனை ஒண்ணு அது மேல ஏறிப் படுத்துக்கும், சூடு இருக்கும்ல."

"சின்னத்தை!" என்றாள் மேகலா.

"இவங்க உங்களுக்கு யாரு?"

"எதிர்வீடு" என்றாள் மேகலா.

"நல்லதாப் போச்சு. வர்றவங்க எல்லாம் 'தெரியல, திடீர்னு ஆயிடுச்சு'ம்பாங்க. இந்த மாதிரி ஒருத்தரக் கூட்டிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்." சிரித்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். "மூடி வாயப் பொளந்துச்சா?"

"பொளந்துச்சு. அதுக்குத்தான் அக்கா தெனமும் அது மேல அஞ்சு கிலோ எடைக்கல்ல வெச்சுச்சு."

ஹாஃபிஸா கையை எடுத்துவிட்டாள். மேகலா என் பக்கம் திரும்பினாள். "அத்தையா? அது மேலயா?"

"நீ கொல்லைப்பக்கம் போறப்ப" என்றேன், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

ஹாஃபிஸா மிக மெதுவாக அடிமூடியைத் தூக்கினாள். உள்ளே வெள்ளித்தாள் சுற்றிய மாதிரி இருந்த பேட்டரி, கல்யாண வீட்டுத் திண்டு போல உப்பிக்கிடந்தது. முதலில் அதன் இணைப்பை விடுவித்தாள். கூர்மையாக ஒன்றும் படாமல், பிளாஸ்டிக் அட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்து, வாசலில் இருந்த மணல் வாளியில் கொண்டுபோய் வைத்தாள். வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"உள்ள இருக்கறது வாயு. நசுங்கிக் கிழிஞ்சிருந்தா அங்கயே தீப்புடிச்சிருக்கும். கட்டில், தலகாணி எல்லாம். உங்க வீட்டுச் சாமி பெரிய சாமிம்மா."

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அந்தக் கல்லை நானும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அடுத்த சிக்கல், அந்த வகைப் பேட்டரி கடையில் இல்லை. அதைப் போலவே ஒன்று இருந்தது. மேகலா அதையே போட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சினாள். ஹாஃபிஸா பழையதன் முதுகில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"பேரு ஒண்ணா இருக்கும், நம்பர் வேற. இதப் போட்டா திங்கக்கிழமை ஓடும். தீபாவளிக்கு முன்னாடி மறுபடி உப்பும். இருங்க." திருச்சியில் கடை வைத்திருக்கும் தன் தம்பி ஃபாஜிலுக்குப் போன் போட்டாள். "டேய், நான் சொல்ற நம்பரப் பாரு. இருக்கா? புதுசா? பஸ்ல போட்டு விடுறா, இப்பவே. சாப்புட்டு அப்புறமா இல்ல, இப்பவே!"

நானும் மேகலாவும் பேருந்து நிலையத்தில் போய் நின்றோம். அவள் சும்மா நின்றாள். நான் உள்ளே வந்த ஒவ்வொரு பேருந்தையும் மறித்துக் கேட்டேன்.

"தம்பி, ஃபாஜில் பார்சல் குடுத்தாரா?"

"இது பட்டுக்கோட்டையிலேருந்து வருது ஆயா."

"ஆயா யாருக்குடா? பட்டுக்கோட்டைக்காரனுக்குக் கண்ணு தெரியாதா?"

மேகலா அன்றைக்குத்தான், எத்தனையோ நாளைக்கப்புறம், வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது திருச்சி வண்டி வந்தது. கண்டக்டர் டிக்கெட்டுப் பைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார். மேகலா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஹாஃபிஸா பேட்டரியைப் பொருத்தி, திருகாணிகளைப் போட்டு, மேசையில் வைத்தாள். ஆடவில்லை. மூடினாள், நான்கு மூலையும் ஒன்றாக உட்கார்ந்தது. முழுசாகச் சார்ஜ் ஏறும்வரை எங்களைக் கீழே சாப்பிட அனுப்பினாள். திரும்பி வந்ததும், "பாருங்க" என்று சொல்லிவிட்டு, சார்ஜர் வயரைச் சட்டென்று பிடுங்கினாள்.

மேகலா 'ஐயோ' என்று இரண்டு கையையும் நீட்டினாள், மேசையிலிருந்து ஒரு குழந்தை விழுந்துவிட்ட மாதிரி. திரை எரிந்துகொண்டே இருந்தது. ஹாஃபிஸா அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "நிக்கும்மா. பயப்படாத. இனிமே தலகாணி வேணாம், பலகையில வெய்யி. ரொம்புனதும் வயர உருவிடு. பூனைய நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

திங்கட்கிழமை வந்தது. முன்னதாகவே நான் லைன்மேன் செம்மொழியைப் பார்த்து, அன்றைக்கு மட்டும் கரண்டை நிறுத்தாதே அப்பா என்று கேட்டு வைத்திருந்தேன். "நான் நிறுத்த மாட்டேங்க. ஆனா மரக்கிளை என்னையக் கேட்டுட்டா கம்பியில விழுவுது?" என்றான். அவன் சொன்னது சரிதான். மேகலா பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே காற்று எடுத்தது.

எங்கள் வீட்டு அடுப்பில் உலை வைத்துவிட்டு நான் எதிர்வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் தங்கமணி அக்கா. பின்னால் அத்தான், துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு. தமிழரசன் வயலிலிருந்து எப்போது வந்தான் என்று தெரியவில்லை. முழங்கால் வரை சேறு. உள்ளே போனால் சத்தம் கேட்குமோ என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி தளர்ந்தது, நின்றது. பக்கத்து வீட்டு மிக்ஸி பாதியில் அடங்கியது. தெரு முழுக்க மோட்டார்கள் ஓய்ந்தன. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் சதையில் பதிகிற அளவுக்கு.

மேகலாவின் குரல் நிற்கவில்லை.

ஒரு நொடி மேலே விசிறியைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு திரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு பேச்சு பாதியில் அறுந்து போனதா, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியும். அது என்னுடைய துறை. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள், ஏதோ கேட்டார்கள், இவள் பதில் சொன்னாள். வியர்வை கழுத்தில் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

முடிந்ததும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். சன்னல் கம்பிகளுக்கு வெளியே இத்தனை முகத்தைப் பார்த்து முதலில் திடுக்கிட்டாள். பிறகு வாசற்படியில் நின்றவனைப் பார்த்துச் சொன்னாள்.

"அங்கேருந்தே பண்ணுன்னுட்டாங்க. போக வேணாம்."

தமிழரசன் தலையை ஆட்டினான். திரும்பிக் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினான். சேறெல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான். அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வோல்டேஜ் சீராத்தான் இருந்துருக்கு" என்று யாரிடமோ சொன்னார்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது உலை முழுக்கப் பொங்கி வழிந்து, தண்ணீர் வற்றி, சோறு பாத்திரத்தோடு ஒட்டிக் கருகியிருந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தமிழரசன் ஒரு பெரிய தூக்கோடு வந்தான். குறுவைப் புது அரிசிச் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அவரைக்காய்.

"மேகலா போட்டுக் குடுத்துச்சு சித்தி. கருகுன வாடை தெரு வரைக்கும் வருதாம்."

"ஒங்க அம்மா என்ன சொன்னா?"

"கல்லப் பத்திக் கேட்டேன். அழுதுட்டாங்க. மேகலாதான் சமாதானம் பண்ணிக்கிட்டு இருக்கு." தூக்கை வைத்துவிட்டும் போகாமல் நின்றான். "சித்தி, அந்தக் கடைக்காரம்மா நம்பர் இருக்கா? நான் ஒரு வார்த்தை பேசணும்."

போட்டுக் கொடுத்தேன். இரண்டு வயலுக்கு அப்பால் நிற்கிற ஆளை இங்கிருந்து கூப்பிட்டுப் பேசுகிறவன் அவன். போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றான். அந்தப் பக்கம் ஹாஃபிஸா "ஹலோ, யாருங்க? ஹலோ?" என்பது எனக்குக் கேட்டது.

"நான் மேகலா வீட்டுக்காரர் பேசுறேங்க" என்றான். "ரொம்ப... ரொம்ப நல்லா இருக்கணும்ங்க நீங்க."

அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவைத் தாண்டி அவன் வீட்டுக்குள் போய்விட்டான். மிச்சத்தையெல்லாம் நான்தான் பேசினேன்.